நாயோடு குடிபெயர்தல்

தமிழ்நாட்டில் வீடு மாறுவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. முழுப்பரீட்சை முடிந்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் மாறிவிட வேண்டும். தவறினால் ஆடி வந்துவிடும். ஆடியில் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள். மாற்றல் உத்தரவு கிடைத்த அரசு ஊழியர், வங்கிக்காரர், ரயில்வேக்காரர் எல்லோரும் அந்தக் கொஞ்ச நாளுக்குள் டூலெட் பலகையைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறார்கள். அதே பருவத்தில் புறவழிச் சாலை ஓரத்திலும் காய்கறி மார்க்கெட் வாசலிலும் கழுத்துப் பட்டையோடு புதிய நாய்கள் தென்படும். பட்டை இருக்கும், கூட ஆள் இருக்கமாட்டார். போகிற வருகிற கார்களின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கும். இந்த இரண்டையும் நாம் தனித்தனியாகப் பார்த்தே பழகிவிட்டோம். எனக்கு இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. அந்த நாய்களில் பல, எங்கோ ஒரு வீட்டு ஓனர் தொலைபேசியில் சொன்ன 'நாயா? வேணாம்மா' என்ற பதிலில் இருந்து வந்தவை.

மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றல் வந்தபோது எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர், செவலையோடு ஐந்து. செவலை நாட்டு நாய். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஐப்பசி மழைக்கு வாசல் படியில் ஒதுங்கிய குட்டி. வலது காது மட்டும் மடிந்தே இருக்கும். சென்னை என்றதும் உறவினர்கள் முதலில் சொன்னது ஒன்றுதான்: "தோப்பு வச்சிருக்கவங்க யார்கிட்டயாச்சும் விட்டுட்டுப் போங்க. அதுவும் நிம்மதியா இருக்கும்." சொன்னவர்கள் நல்லவர்கள், எங்கள் சிரமத்தைக் குறைக்க நினைத்தவர்கள். ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த நாய்க்குத் தோப்பு என்பது முன்பின் தெரியாத ஆட்களும் சங்கிலியும்தான். நிம்மதி நமக்குத்தான்.

வீடு தேடுவதில் ஒரு முறையை வைத்துக்கொண்டோம். நாய் இருப்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுவது. பலர் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குள் பிள்ளைகள் போய் அறை அறையாகப் பார்த்து, 'இது என் ரூம்' என்று பிரித்துக்கொண்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு இல்லை என்று ஆவது, முதலிலேயே இல்லை என்பதைவிடக் கொடுமை. ஆகவே, புரோக்கர் நம்பர் கொடுத்ததும் பேசுவோம்.

"எத்தனை பேரு?"

"நாலு பேருங்க. கூட ஒரு நாய் இருக்கு."

"சின்ன நாயா, பெரிய நாயா?"

"நாட்டு நாய்ங்க. ஊசியெல்லாம் போட்டிருக்கு."

"நாட்டு நாயா..."

இந்த இடத்தில் எப்போதும் ஓர் இடைவெளி விழும். வெளிநாட்டு ஜாதி நாய் என்றால் அதே ஓனர் இன்னொரு கேள்வியாவது கேட்பார் என்பது பேசப் பேசத்தான் புரிந்தது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது; சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊர்ப்பெயரோடும் பேரோடும் நாய்கள் இருக்கிற நாடு இது. ஆனால் வாடகை வீட்டு வாசலில் பேரில்லாத நாட்டு நாய்க்குத் தெருநாய் என்பதற்குமேல் மரியாதை கிடையாது.

நாயைப் பற்றிய கேள்வி தனியாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வரிசை இருக்கிறது. என்ன ஆளுங்க, நான்வெஜ் சமைப்பீங்களா, பிள்ளைங்க சத்தம் போடுமா, ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்களா. தனியாக வாழும் பெண்ணும், இஸ்லாமியக் குடும்பமும், தலித் குடும்பமும் இந்த நகரத்தில் எத்தனையோ வருஷமாக இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் படுவதற்கும் நாய் வளர்ப்பவர் படுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு; நாயை வேண்டாம் என்று தீர்மானிக்க முடியும், பிறப்பைத் தீர்மானிக்க முடியாது. இரண்டையும் சமமாக வைப்பது அநியாயம். ஆனால் கேட்கும் முறை ஒன்றுதான். என்ன செய்வீர்கள், எப்படி இருப்பீர்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. யார் என்பதை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைக்கிறார்கள்.

ஓனர்களின் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. 2024இல் மட்டும் தமிழ்நாட்டில் நாலரை லட்சத்துக்கு மேல் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. கீழ்வீட்டில் தத்தித் தத்தி நடக்கும் பேரனை வைத்திருக்கிற பாட்டி பயப்படுவதில் தப்பே கிடையாது. அப்புறம் வீடு இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீடு. தேக்குக் கதவின் கீழ்ப்பாதி முழுக்க நகக்கீறல், டைல்ஸ் இடுக்கில் இறங்கிய மூத்திர வாடை, நாள் முழுக்க ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து குரைப்பு. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன இதையெல்லாம் சுத்தம் செய்த ஓர் அம்மா, கதவைத் தொட்டுக் காட்டி என்னிடம் சொன்னார். அவர் மறுத்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் நாயை மறுக்கவில்லை, அந்தக் கதவு திரும்பவும் அப்படி ஆவதை மறுத்தார். அப்படிப்பட்டவரோடு பேச முடியும். கதவுக்கு அடியில் தகடு அடித்துத் தருகிறோம், காலி செய்யும்போது பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று சொல்ல முடியும். (அவர் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு.) பேச முடியாதது, பார்க்காமலே சொல்கிற மறுப்போடுதான்.

"நம்ம பழக்கத்துல நாய வீட்டுக்குள்ள விடமாட்டாங்க" என்பது அடிக்கடி காதில் விழுந்த இன்னொரு பதில். இதில் உண்மை இருக்கிறது. என் தாத்தா வீட்டு நாய் ஒருநாளும் அடுப்படி தாண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு திண்ணை இருந்தது, கொல்லையில் வைக்கோற்போர் இருந்தது, மாட்டுத்தொழுவத்தின் ஓரம் இருந்தது. வீடு என்பது உள், வெளி என்று இரண்டாக வெட்டப்பட்டதாக அப்போது இல்லை. உள்ளுக்கும் தெருவுக்கும் நடுவே நாலைந்து படிநிலைகள் இருந்தன. மாடு, நாய், கோழி, பிச்சை கேட்டு வருபவர், வழிப்போக்கர், கதை பேச வரும் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு படி ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கலில் தீண்டாமையும் இருந்தது என்பதை மறந்துவிட்டு நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் நாயைப் பொறுத்தவரை அதற்கு ஓர் இடம் நிச்சயம் இருந்தது. இப்போது இரண்டு படுக்கையறை அடுக்ககத்தின் கதவைத் திறந்தால் நேராக லிப்ட். நடுவில் இருந்ததெல்லாம் போய்விட்டது. இந்த வீட்டில் நாய் இருக்க வேண்டுமென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும், இல்லையென்றால் தெருவில். பழக்கத்தைக் காரணம் காட்டுபவர்கள், அந்தப் பழக்கம் நின்றுகொண்டிருந்த திண்ணையை இடித்த பிறகு காட்டுகிறார்கள்.

பழக்கம் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல்; அவன் காலருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்வரைக் கடித்துவிட்டு அது காவலாக நின்ற செய்தியை வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்த வீரன் வாழ்ந்த வீடு எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் நாயின் பெயர் தெரியும். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர்கள் அழிந்துபோன ஊரில், ஒரு நாயின் பெயரை எழுத வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நம்ம பழக்கம் என்பதில் அதுவும் சேர்த்திதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த நாட்களில் தேடித் தேடிப் படித்தேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் பின்னே நின்றவர் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். அந்த வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அடுக்ககச் சங்கங்களுக்குத் தெளிவாகவே சொல்கின்றன: பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, நாயோடு லிப்டில் ஏறக்கூடாது என்று சொல்லக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு படி மேலே போய், வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லை என்று குடியிருப்போர் சங்கங்கள் போடும் விதிகள் செல்லாது என்றது.

இதையெல்லாம் அச்செடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு தேடலாம். பிரயோஜனம் இல்லை. இவை குடியேறிவிட்டவரைக் காப்பாற்றுகின்றன. சாவி இன்னும் கைக்கு வராதவருக்கு இவற்றில் ஒரு வரியும் கிடையாது. யாருக்கு வீடு கொடுப்பது என்பது ஓனர் இஷ்டம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய சென்னைக்கு அது பெரிய மாற்றம். வளர்ப்புப் பிராணிகளுக்கு அதில் வழி இல்லை.

வேறு நாடுகளிலும் இதே வாசலில்தான் தடுக்கிறது. ஈழத்தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரோன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில், பிராணிகள் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வரி செல்லாது. ஆனால் ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே நாய் இருப்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் செய்ய ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2020இலிருந்து வேறு வழி வந்தது: குடியிருப்பவர் நாய் வளர்க்க அனுமதி கேட்டால், மறுக்க நினைக்கும் ஓனர் பதினான்கு நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்க் காரணத்தை நிரூபிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அங்கே இடம் மாறியிருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மறுக்கவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. மறுப்புக்குக் காரணம் இருக்கட்டும், அது இந்த நாயைப் பற்றியதாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

கைவிடுவதும் குற்றம்தான். பட்டினி கிடக்கும் நிலையில் நாயை விட்டுவிட்டுப் போனால் 1960ஆம் வருஷச் சட்டப்படி முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்து வருஷங்களாகியும் அந்தத் தொகை மாறவில்லை. நாங்கள் வீடு தேடிய நாட்களில் சென்னை மாநகராட்சியில் நாய்க்கு உரிமம் எடுக்கக் கட்டணமும் 50 ரூபாயாகத்தான் இருந்தது. ஒரு நாயை ஒழுங்காகப் பதிவு செய்வதற்கும் அதை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவதற்கும் சட்டம் வைத்த விலை ஒன்றாக இருந்தது என்பதை நினைத்தால் மனம் ஆறமாட்டேன் என்கிறது.

தேடத் தேட, நகரத்தின் வேறொரு வரைபடம் மனதில் உருவானது. ரயில் நிலையத்துக்கும் பள்ளிக்கும் நடந்து போகிற தூரத்தில் உள்ள அடுக்ககங்களில் இடமே இல்லை. ஓனர் மேல்மாடியில் குடியிருக்கிற வீடுகளில் பெரும்பாலும் இல்லை. ஓனர் வெளிநாட்டில் இருந்தால் அவருக்கு ஆட்சேபணை இருக்காது, அவருடைய மச்சானுக்கு இருக்கும். தாம்பரம் தாண்டி, மாடம்பாக்கம், வேங்கைவாசல் என்று போகப் போக, தனி வீடுகளும் காலிமனைகளும் வர வர, குரல்கள் இளகும். நாயோடு வருகிறவர் தூரத்தைக் கூலியாகக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இன்னும் முன்னதாக எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். எங்கள் மகன் அதற்கு உடனே சம்மதித்தான். மகள் ஒன்றும் பேசவில்லை. செவலையைத் தோப்பில் விடுவது பற்றிப் பெரியவர்கள் பேசுவதை அடுத்த அறையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் இரவு சாப்பாட்டில், "அப்பத்தாவுக்கு வீடு கிடைக்கலன்னா என்ன பண்ணுவோம்?" என்றாள். அப்பத்தா எங்களோடு இருப்பவர் அல்ல. ஆனால் கேள்வி புரிந்தது. இடம் கிடைக்காவிட்டால் யாரை விடலாம் என்று ஒரு பட்டியல் இந்த வீட்டில் இருக்கிறதா, அதில் தன் இடம் எது என்பதைத்தான் அவள் கேட்டாள். அன்றிலிருந்து தோப்புப் பேச்சை எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

வீடு கிடைத்தது சேலையூரைத் தாண்டி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் வீடு, கீழ்ப்பகுதி. அவர் போனிலேயே, "நாயைக் கூட்டிட்டு வர முடியாது, சரி. போட்டோ, ஊசி அட்டை கொண்டு வாங்க" என்றார். போனோம். ஊசி அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வெறிநோய்த் தடுப்பூசி எந்த மாதம், கருத்தடை ஆனதா, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், யாராவது அழைப்புமணி அடித்தால் என்ன செய்யும். மதுரையில் எங்கள் வீட்டு ஓனரின் நம்பரை வாங்கி, எங்கள் முன்னாலேயே அவருக்குப் போன் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். நாய்க்கென்று ஒரு மாத வாடகை கூடுதல் அட்வான்ஸ், சேதம் இல்லையென்றால் முழுசாகத் திரும்பும். குடிவந்த முப்பது நாளுக்குள் உரிமம். வருஷா வருஷம் ஊசி அட்டையின் நகல். மொட்டை மாடியில் தனியாக விடக்கூடாது. கேட்டுக்கு வெளியே சங்கிலி இல்லாமல் கூடாது. காலி செய்யும்போது கதவும் சுவரும் அவர் காட்டியபடி. என் கணவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ஏதாவது குறை இருந்தால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். வாத்தியார் யோசித்துவிட்டு எழுதினார். அவருடைய மனைவிக்கு நாய் என்றால் பயம். அவர் இறங்கும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மரத் தட்டிக் கதவு வைக்கலாமா என்று அந்த அம்மாதான் கேட்டார். வைத்தோம். செலவு பாதிப் பாதி.

அந்தத் தாளில் அன்பு என்றோ கருணை என்றோ ஒரு சொல் கிடையாது. நாய்ப்பிரியர் ஒருவர் மனமிரங்கி இடம் கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு நிம்மதி இருந்திருக்காது. மனம் மாறினால் வீடும் போய்விடும் என்ற பயம் கூடவே வந்திருக்கும். நாயைப் பிடிக்காத ஒருவர் நாய்க்கு இடம் கொடுக்க முடிகிற வழி இது. நகரம் முழுக்க நாய்ப்பிரியர்களாக மாறும்வரை காத்திருக்க முடியாது. அப்படி மாறவும் வேண்டியதில்லை.

வந்து சேர்வதும் ஒரு வேலைதான். ரயிலில் நாயைக் கூட வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள இரும்புக் கூண்டு, பார்சல் அலுவலகத்தில் ரசீது. வைகாசி வெயிலுக்கு அந்தக் கூண்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ராத்திரியில் காரில் வந்தோம். அது படுக்கும் பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து புது வீட்டில் முதலில் விரித்தோம். கால்நடை மருத்துவர் சொன்ன யோசனை. சொந்த வாடை இருக்கிற இடத்தை நாய் தன் இடமாக எடுத்துக்கொள்ளும். செவலை மூன்று அறைகளையும் சுவரோரமாக மோந்துகொண்டே சுற்றி வந்தது, தட்டிக் கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் நெடுநேரம் கவனித்தது.

இது நடந்தது எங்களால் ஒரு மாத வாடகையைக் கூடுதலாக எடுத்து வைக்க முடிந்ததால் என்பதையும் மறைக்க முடியாது. எங்கள் புதிய தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ஒற்றை அறையிலிருந்து இன்னொரு ஒற்றை அறைக்கு மாறிக்கொண்டே இருக்கிறார். அவருடைய நாய் வண்டிக்குக் கீழேயே படுத்து, வண்டியோடு தங்கிவிட்டது. ஊசிக்கும் கருத்தடைக்கும் அவர்தான் அலைகிறார். ஆனால் மாநகராட்சி வண்டி வந்தால் அது தெருநாய். வாத்தியாரின் தாளை அப்படியே அவருக்குக் கொடுத்தால் கூடுதல் அட்வான்ஸ் என்ற முதல் வரியிலேயே நின்றுவிடும். அவர் போன்றவர்களுக்குப் பணத்துக்குப் பதிலாக முந்தைய ஓனரின் சொல்லும், ஊசி அட்டையும், உரிமமும் போதும் என்று வைக்க முடியுமா என்று வாத்தியாரிடமே கேட்டேன். நியாயம்தான், ஆனால் ஓனர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். பிறகு, "நான் ஒத்துக்குவனான்னு யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

போன மாதம் அவருடைய பின்கட்டு காலியானது. டூலெட் பலகையைக் கட்டிய மறுநாள் கீழே வந்து, எங்களிடம் இருக்கும் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிப் போனார். பார்க்க வந்த குடும்பத்திடம் இரண்டு பூனைகள் இருக்கின்றனவாம். பூனைக்கு எந்த வரியை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.